விண்மீன் மண்டலங்களின் பிறப்பும் நம் வாசிப்பும்: பிரியம்வதா நடராஜனின் நூலை முன்வைத்து

குற்றாலத்தில் சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பகுதி மக்களுக்கு வானம் என்பது பெரும்பாலும் மேகமே. மேற்கே மலை, மலையின் மேல் முகில். மாலையில் பிறை பார்க்க மொட்டை மாடியில் நிற்போர் இந்த இடர்ப்பாட்டை நன்கறிவர். முகில் விலகிய நாளிலும் தாழ்ந்த பிறை அடிவானத்தை எட்டும் முன்னரே மலைமுகடு அதனை மறைத்துக்கொள்ளும். காணாததைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. கண்டேன் என்பவரின் சொல்லையும் எடைபோட்ட பின்னரே ஏற்க வேண்டும். இது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பிறை ஒழுக்கம். இவ்வொழுக்கத்தைப் பிறையோடு நிறுத்திக்கொண்டோமா, வானம் குறித்த நம் மற்றப் பேச்சுகளுக்கும் கொண்டு சென்றோமா? அண்மையில் இரண்டாம் முறை வாசித்த நூலொன்று இவ்வினாவை நம்முள் எழுப்பியது.

அந்நூல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரியம்வதா நடராஜன் ஆங்கிலத்தில் எழுதி 2016ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'மேப்பிங் தி ஹெவன்ஸ்'. வானங்களை வரைபடமாக்குதல் என்று இத்தலைப்பைத் தமிழில் கொள்ளலாம். கோயம்புத்தூரில் பிறந்து டில்லியில் வளர்ந்தவர் இந்நூலாசிரியர். விண்மீன் மண்டலங்கள் எவ்வாறு தோன்றின, அவற்றின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளைகள் எங்கிருந்து வந்தன, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் எங்கெங்கே பரவிக் கிடக்கிறது என்பவை அவருடைய ஆய்வுக்களங்கள். நூலை மதிப்பிடுவதும், நூல் வெளிவந்த பின் அவர் வாழ்வில் நிகழ்ந்ததைக் கொண்டு நூலை மீள வாசிப்பதும், அவ்விரண்டின் ஒளியில் நம் சமுதாய எழுத்தை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவரின் வினா

முதலில் நம் தவறொன்றைச் சொல்லிவிடுதல் முறை. 1990களில் மேடையேறத் தொடங்கிய காலத்தில், ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தில் வானம் குறித்து வரும் 'துகான்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு நாம் அடிக்கடி உரையாற்றினோம். துகான் என்றால் புகை. விண்மீன் மண்டலம் என்பது ஒரே பெரும் வாயுத் திரள் தன் எடையால் விரைந்து உள்நோக்கிச் சரிந்ததால் உண்டானது என ஓர் ஆங்கில நூலின் சுருக்கத்தில் படித்திருந்தோம். வாயுவும் புகையும் ஒன்றே; ஆகவே அறிவியல் இன்று கண்டதை வேதம் அன்றே அறிவித்துவிட்டது என்று முடிப்போம். அவை மகிழும். இருபது ஆண்டுகள் இவ்வுரை நமக்குக் கைகொடுத்தது.

பின்னொரு நாள், அரபுக் கல்லூரியில் நம்மிடம் ஓதிவிட்டு இயற்பியல் பட்டமும் பெற்ற மாணவர் ஒருவர், உரை முடிந்ததும் தனியே வந்து கேட்டார்: "ஹஜ்ரத், நீங்கள் சொல்லும் அந்தக் கருத்தை வானியலார் எப்போதோ திருத்திவிட்டார்கள். பெரியது ஒரேயடியாகச் சரியவில்லை. சிறியவை சேர்ந்தே பெரியவை ஆயின என்கிறார்கள். அதிலும் முதலில் திரண்டது வாயு அன்று, கரும்பொருள். அது புகையும் அன்று. இனி எதனைத் துகான் என்பீர்கள்? நாளை இதனையும் திருத்தினால் என்ன செய்வீர்கள்?"

அன்று நம்மிடம் மறுமொழி இல்லை. நம் பிழை வசனத்தில் இல்லை. வசனத்தை ஒரு தற்காலிகக் கோட்பாட்டோடு கட்டிப்போட்ட நம் அவசரத்தில் இருந்தது. பிரியம்வதா நடராஜனின் நூலை வாங்கி வாசிக்கத் தூண்டியதும் அவ்வினாவே.

கருத்து மாறிய கதை

மாணவர் கூறியது முழுதும் சரியே. ஓலின் எக்கன், டொனால்ட் லிண்டன்-பெல், ஆலன் சாண்டேஜ் ஆகிய மூவரும் 1962இல் எழுதிய கட்டுரை, நம் பால்வீதி ஒரே பெருமுகில் விரைந்து சரிந்து உருவானது என்றது. நாம் மேடையில் சொன்னது இதன் நிழலையே. 1978இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. லெனார்ட் சேர்லும் ராபர்ட் சின்னும் பால்வீதியின் புறவெளி பல சிறு துண்டுகள் வந்து சேர்ந்ததால் அமைந்தது என்று காட்டினர். சைமன் வைட்டும் மார்ட்டின் ரீஸும் கரும்பொருள் முதலில் சிறுசிறு திரள்களாகத் திரண்டு, அவை ஒன்றோடொன்று இணைந்து வளர, அவற்றின் ஈர்ப்புக்குள் வாயு குளிர்ந்து வீழ்ந்து விண்மீன்களாயிற்று என்னும் சட்டகத்தை அமைத்தனர். விண்மீன் மண்டலங்களின் தோற்றம் பற்றிய இன்றைய ஆய்வு பெரும்பாலும் இச்சட்டகத்தின் மேல் எழுந்ததே.

கரும்பொருள் என்பதும் ஒரே நாளில் ஏற்கப்பட்டதன்று. 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்னும் மண்டலக் கூட்டத்தில் உள்ள மண்டலங்கள் மிக வேகமாக விரைவதைக் கண்டு, கண்ணில் படும் பொருள் மட்டும் அங்கிருந்தால் அக்கூட்டம் எப்போதோ சிதறியிருக்கும் என்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் சொல்லைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் சிலரே. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் தனித்தனி மண்டலங்கள் சுழலும் வேகத்தை அளந்து காட்டிய பின்னரே அவை நிமிர்ந்து அமர்ந்தது. இன்றைய கணக்கின்படி, நாம் காணும் பொருளைப் போல் ஐந்து மடங்குக்கும் சற்று மிகுதியாகக் கரும்பொருள் இருக்கிறது. அது எதனால் ஆனது என்பது இன்றும் தெரியாது.

ஒரு கருத்து எவ்வாறு எதிர்க்கப்பட்டு, எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதே 'மேப்பிங் தி ஹெவன்ஸ்' நூலின் முதுகெலும்பு. அறிவியலை முடிந்த உண்மைகளின் கிடங்காக ஆசிரியர் காட்டவில்லை. ஐன்ஸ்டைனே தொடக்கத்தில் விரியும் பிரபஞ்சம் என்னும் கருத்தை ஏற்க மறுத்ததை அவர் மறைக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் விண்மீனின் இறுதிநிலைக்கு எடை வரம்பு ஒன்று உண்டெனக் கணக்கிட்டதும், 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகத்தில் ஆர்தர் எடிங்டன் அக்கணக்கை எள்ளி நகையாடியதும் இந்நூலில் உரிய இடம் பெறுகின்றன. எடிங்டன் அறியாதவர் அல்லர். அக்காலத்தின் முதல் வானியலறிஞர். அறிந்தவரும் தம் விருப்பத்தால் பிழைக்கலாம் என்பதே அந்நிகழ்ச்சி தரும் படிப்பினை. இமாம்களின் மாறுபட்ட கருத்துகளை ஓதி வளர்ந்த நமக்கு இவ்வகை வரலாறு அந்நியமானதன்று.

வரைபடமும் முன்னறிவிப்பும்

ஆசிரியரின் வாழ்க்கைப் பாதையும் நூலின் போக்கை விளக்குகிறது. பள்ளி மாணவியாக இருந்தபோதே, டில்லி நேரு கோளரங்கத்தின் தலைவராக இருந்த நிருபமா ராகவனின் தூண்டுதலால், டில்லியின் இரவு வானத்தைக் கணினி நிரல் எழுதி வரைந்தவர் அவர். பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்றார். அறிவியலின் வரலாற்றையும் மெய்யியலையும் அங்கே கற்கத் தொடங்கினார். அதன்பின் கேம்பிரிட்ஜ் சென்று, மேலே குறிப்பிட்ட மார்ட்டின் ரீஸின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவுப் பரம்பரையை ஆசிரியர் வழியாகத் தொடர்ந்து சொல்லும் வழக்கம் உடைய நாம் இத்தொடர்பைக் கவனிக்க வேண்டும். வைட்–ரீஸ் சட்டகத்தை அமைத்தவரிடமே கற்று, அச்சட்டகம் விடை சொல்லாமல் விட்ட இடங்களில் இவர் தம் வாழ்நாள் உழைப்பைச் செலுத்தினார்.

அவ்வுழைப்பு இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று, உண்மையிலேயே வரைபடம் வரைதல். மண்டலக் கூட்டம் ஒன்றின் ஈர்ப்பு, அதற்கு நெடுந்தொலைவு பின்னாலுள்ள மண்டலங்களின் ஒளியை வளைத்து வில் வில்லாக நீட்டிக் காட்டும். இதனை ஈர்ப்பு வில்லை என்பர். வளைந்த வடிவங்களை அளந்தால், வளைத்த பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கலாம். காணாத கரும்பொருளுக்கு இவ்வாறு வரைபடம் எழுதுவதில் அவர் முன்னோடிகளில் ஒருவர். 2020இல் மாசிமோ மெனகெட்டியோடும் பிறரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, கூட்டங்களுக்குள்ளிருக்கும் சிறு திரள்கள் கணினி மாதிரிகள் எதிர்பார்த்ததைப் போல் பத்து மடங்கு வலுவோடு ஒளியை வளைப்பதாகக் காட்டியது. மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அல்லது கரும்பொருளின் இயல்பையே நாம் சரியாக உணரவில்லை. தாம் நெடுங்காலம் நம்பிப் பயன்படுத்திய மாதிரிக்கு எதிரான சான்றைத் தாமே வெளியிடுவது எளிய செயலன்று.

மற்றொரு கிளை கருந்துளைகளின் வித்து பற்றியது. நம் பால்வீதியின் நடுவில் ஏறத்தாழ 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. பெரும்பாலான பெருமண்டலங்களின் நடுவிலும் இவ்வாறே. பிரபஞ்சம் பிறந்து நூறு கோடி ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே நூறு கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளைகள் இருந்தமை தெரியவந்தபோது, வானியலார் திகைத்தனர். ஏனெனில் கருந்துளை விழுங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. விழும் வாயு வெளியிடும் ஒளியே மேலும் வாயு விழாமல் தள்ளிவிடும். அந்த எல்லைக்கு எடிங்டன் வரம்பு என்றே பெயர். அவ்வெல்லையில் இடைவிடாமல் உண்டாலும் எடை இரட்டிப்பாக ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டுகள் ஆகும். இறந்த விண்மீனிலிருந்து நூறு சூரியன் எடையோடு தொடங்கும் கருந்துளை ஒரு கோடி சூரியன் எடையை எட்ட, ஏறக்குறைய பதினேழு முறை இரட்டிக்க வேண்டும். அதற்கு 58 கோடி ஆண்டுகள் வேண்டும்.

வேகமாக வளர முடியாதென்றால், பெரிதாகப் பிறந்திருக்க வேண்டும். 2006இல் கியூசெப்பே லொடாட்டோவுடன் இணைந்து அவர் ஒரு வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கக் காலத்து வாயுவில் கன தனிமங்கள் இல்லை. அருகிலுள்ள மண்டலத்தின் புறஊதா ஒளி அவ்வாயுவின் ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் உடைத்துவிட்டால் வாயு குளிர இயலாது. குளிராத வாயு துண்டு துண்டாகி விண்மீன்கள் ஆக மாட்டாது. அது தட்டாகச் சுழன்று, நிலைகுலைந்து, நடுவை நோக்கிச் சரிந்து, பதினாயிரம் முதல் ஒரு லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளையாக நேரே பிறக்கும். இவ்வழியில் சிந்தித்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். வோல்கர் பிராம், ஆபிரகாம் லோப், மிட்செல் பெகல்மன், மார்ட்டா வோலொன்டெரி முதலியோரும், அவருடைய ஆசிரியர் ரீஸும் இதில் உழைத்தவர்கள்.

எனினும் அடுத்த அடியே நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. 2017இல் அவரும் உடனாய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இக்கருத்து சரியென்றால் வானில் எத்தகைய மண்டலம் காணப்பட வேண்டும் என்று அதில் எழுதி வைத்தனர். பொதுவாக மண்டலத்தின் விண்மீன்களின் எடையில் நடுக் கருந்துளை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆனால் பெரிதாகப் பிறந்த கருந்துளை, தன்னை அடுத்த மண்டலத்தோடு இணைந்த இளமைக் காலத்தில், அதன் விண்மீன்கள் அனைத்தின் எடைக்கும் ஈடாக இருக்கும். அத்தகைய மண்டலத்தின் ஒளி அகச்சிவப்பில் எவ்வாறிருக்கும், எக்ஸ் கதிரில் எவ்வளவு வெளிப்படும் என்பதையும் கணித்துச் சொன்னார்கள். அப்போது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்ணில் ஏறவே இல்லை. 2021 டிசம்பர் 25ஆம் நாள்தான் அது ஏவப்பட்டது.

2023 நவம்பரில் முடிவு வந்தது. 350 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏபெல் 2744 என்னும் மண்டலக் கூட்டம் இயற்கையான வில்லையாக நின்று பெருக்கிக் காட்டிய ஒளியில், அதற்கும் மிகப் பின்னாலுள்ள யூஹெச்இஸட்-1 என்னும் சிறு மண்டலத்திலிருந்து எக்ஸ் கதிர் வருவதை ஆகோஸ் பொக்டான் தலைமையிலான குழு அறிவித்தது. பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்தின் ஒளி அது. கருந்துளையின் எடை ஒரு கோடி முதல் பத்துக் கோடி சூரியன்கள். விண்மீன்களின் மொத்த எடைக்கு ஏறத்தாழ ஈடு. முன்னர் நாம் போட்ட கணக்கின்படி 58 கோடி ஆண்டுகள் வேண்டிய இடத்தில் 47 கோடியே இருந்தன. தொலைவை உறுதி செய்தது ஜேம்ஸ் வெப். எக்ஸ் கதிரைப் பிடித்தது 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி. எடிங்டன் எள்ளிய அந்தச் சந்திரசேகரின் பெயரையே அத்தொலைநோக்கி தாங்கி நிற்கிறது.

நூலின் குறை எது?

இப்போது நூலுக்குத் திரும்புவோம். வரைபடம் என்னும் உருவகம் நூல் முழுதும் ஆளப்படுகிறது. பண்டை மக்களின் வான்படங்களிலிருந்து விண்வெளியெங்கும் பரவியுள்ள தொல்கதிர்வீச்சின் படம் வரை அது ஆசிரியருக்கு உதவுகிறது. கரும்பொருளைப் பற்றிய பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான உருவகம் வேறில்லை. ஆயினும் வரைபடம் என்பது சென்று வந்த நிலத்துக்கு எழுதப்படுவது. யாரும் காலடி வைக்காத நிலத்தில், இங்கே நீர் கிடைக்கும் என்று முளைக்குச்சி அடித்துவிட்டு வருவது வேறு வகைச் செயல். அவருடைய ஆய்வில் நம் மதிப்பை மிகுதியும் கவர்வது இந்த இரண்டாம் செயலே. நூலின் உருவகத்தில் அதற்கு இடம் சுருங்கிப்போயிற்று.

மற்றொரு குறையும் உண்டு. எதிர்ப்பைத் தாண்டி வெற்றிபெற்ற கருத்துகளே நூலில் கதைத் தலைவர்களாக அமைகின்றன. வாசகருக்கு முடிவு முன்பே தெரியும். எடிங்டன் தோற்பார், சந்திரசேகர் வெல்வார். எதிர்க்கப்பட்ட கருத்தெல்லாம் ஒருநாள் வெல்லும் என்ற மயக்கத்தை இது தரக்கூடும். எதிர்க்கப்பட்டு, எதிர்த்தவர் சொன்னதே சரியாகிப்போன கருத்துகள் எத்தனையோ! முடிவு தெரியாமல் ஒரு கருத்தோடு வாழ்வது எத்தகையது என்பதைச் சொல்லும் இயல் ஒன்று இந்நூலுக்கு வேண்டும். அவ்வியலை எழுதத் தகுதியுடையவர் இவரே. 2006இல் சொன்ன கருத்து 2016இல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 2017இல் அதனைப் பொய்யாக்கும் வழியையும் தாமே எழுதி வைத்தார். நூலில் இல்லாத அந்த இயலை அவருடைய ஆய்வு வாழ்க்கை எழுதிற்று எனலாம்.

அவ்வியல் முடிந்துவிடவும் இல்லை. ஹதீஸ் கலையின் சொற்களில் சொன்னால், யூஹெச்இஸட்-1 தருவது ஒரு கபர் ஆஹாத். தனித்தனியே நின்று சொல்லும் இரு சாட்சிகள், இரு தொலைநோக்கிகள், இருப்பதால் செய்தி வலுப்பெறுகிறது. ஆயினும் எடைக் கணக்கு சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. சிறிதாகப் பிறந்த கருந்துளையே எடிங்டன் வரம்பை மீறி விழுங்கி வளர்ந்திருக்கலாம் என்போரும் தகுதியுடைய ஆய்வாளர்களே. ஜேம்ஸ் வெப் பின்னர் கண்டுவரும் செந்நிறச் சிறு புள்ளிகள் இவ்விவாதத்துக்கு வலு சேர்க்கின்றனவா, சிக்கலைக் கூட்டுகின்றனவா என்ற ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருக்கிறது. பல வழிகளில் பல சான்றுகள் வந்து முதவாத்திர் என்னும் நிலையை இக்கருத்து எட்டவில்லை. டைம் இதழ் 2024இல் உலகின் செல்வாக்கு மிக்க நூறு பேரின் பட்டியலில் அவரைச் சேர்த்தது. புகழ் அவருக்கு உரியதே, புகழ் சான்றாகாது.

நம் எழுத்தின் நிலை

இனி நம் பக்கம் வருவோம். அறிவியலும் வேதமும் குறித்துத் தமிழ் முஸ்லிம்களிடையே ஏராளமான சிறுநூல்கள் வந்துள்ளன. அவற்றுள் பலவும் ஒரே வழியில் நடக்கின்றன. பிறர் கண்டுபிடிப்பர், செய்தி வரும், நாம் வசனத்தைத் தேடி எடுத்து, இது நமக்கு முன்பே தெரியும் என்போம். கண்டுபிடிப்புக்கு முன்னரே அவ்வசனத்திலிருந்து அதனை எடுத்துச் சொன்னவர் யார் என்று கேட்டால் அவை அமைதியாகிவிடும். முன்னரே சொல்லி வைத்தவர் பொய்யாகும் இடர்ப்பாட்டை ஏற்கிறார். பின்னர் உரிமை கோருபவருக்கு எந்த இடர்ப்பாடும் இல்லை. ஆகவே எந்தப் பெருமையும் இல்லை. இவ்வாறு எழுதியவர்களில் நாமும் ஒருவர் என்பதை மேலே ஒப்புக்கொண்டோம்.

நம் முன்னோர் இவ்வழி நடந்தவர் அல்லர். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஸுவருல் கவாகிப்' நூலில், இன்று ஆண்ட்ரோமெடா என வழங்கும் மண்டலத்தைச் சிறு மேகம் போன்றதொரு கறையாகக் குறித்தார். அதனைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. தாலமியின் விண்மீன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விண்மீனின் ஒளியளவையும் தம் கண்ணால் பார்த்துத் திருத்தியவர் அவர். மேகம் போல் தெரிந்ததை மேகம் போல் தெரிந்தது என்றே எழுதினார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அது பால்வீதிக்கு வெளியிலுள்ள மற்றொரு மண்டலம் என எட்வின் ஹபிள் காட்ட 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு. அஸ்ஸூஃபிக்கு எல்லாம் தெரியும் என்று இன்று மேடையில் முழங்குவது, அவர் காத்த அளவை நாம் மீறுவதாகும்.

இப்னுல் ஹைதம் தாலமியின் வானியலில் உள்ள முரண்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தஹாஃபுத் நூலின் முன்னுரையில், கிரகணம் குறித்து உறுதியான நிறுவல் உள்ள கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்னும் கருத்தைத் தெளிவாக வைத்தார்கள். அதன் மறுபக்கத்தையும் நாம் எண்ண வேண்டும். உறுதியாகாத கணக்கை மார்க்கத்தோடு பிணைப்பவரும் அதே கேட்டையே செய்கிறார். மறுத்தவரின் தவறு கணக்கு உறுதியாகும்போது வெளிப்படும். பிணைத்தவரின் தவறு கணக்கு மாறும்போது வெளிப்படும். துகான் என்பதை நீரிலிருந்து எழுந்த ஆவி என்று விளக்கிய முற்கால முஃபஸ்ஸிர்களும் தம் கால அறிவைக் கொண்டே விளக்கினர். அவர்கள் அதனைத் தம் விளக்கம் என்ற அளவில் வைத்தார்கள். வேதத்தின் மெய்ம்மைக்கு அதனை ஆதாரமாக்கவில்லை. யகீன் எது, ழன் எது என்று பிரித்தறியும் பயிற்சியை உஸூல் பாடத்தில் நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வானத்தைப் பற்றிப் பேசும்போது அப்பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இதற்கு மாற்று என்ன? வசனங்கள் வானத்தைப் பார்க்கச் சொல்கின்றன. பார்ப்பவர்களை நாம் உருவாக்க வேண்டும். நம் அண்டை ஊராகிய செங்கோட்டையின் அரசுப் பள்ளியில் படித்த நிகார் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்து, 2023 செப்டம்பர் 2ஆம் நாள் அதனை விண்ணுக்கு அனுப்பியதை நாடறியும். பாராட்டுச் சுவரொட்டிகள் ஒட்டினோம். நல்லதே. ஆனால் அடுத்து ஒரு பெண்பிள்ளை இயற்பியலில் மேற்படிப்பு வேண்டும் என்று கேட்டால், நம் வீடுகளில் என்ன மறுமொழி கிடைக்கிறது என்பதைச் சுவரொட்டி சொல்லாது. பிரியம்வதாவின் கதையிலும், பள்ளி மாணவி ஒருத்திக்கு உண்மையான கணக்கொன்றைக் கொடுத்துச் செய்துபார் என்று சொன்ன ஒருவர் இருந்தார். நம் மாணவர்களுக்கு நாம் கொடுப்பது விடைகளையே. முடியாத கணக்கு ஒன்றையேனும் கொடுத்ததுண்டா?

'மேப்பிங் தி ஹெவன்ஸ்' தமிழில் வர வேண்டும். ஆங்கிலம் எளிதில் கைவராத ஆலிம்களும் அதனை வாசிக்க வேண்டும். அதில் வேதத்துக்குச் சான்று தேட அன்று. ஒரு கருத்தை எவ்வளவு உறுதியோடு சொல்ல வேண்டுமோ அவ்வளவே சொல்வது எப்படி என்று கற்க. மொழிபெயர்ப்பவர் 2017க்கும் 2023க்கும் இடைப்பட்ட கதையை ஒரு பின்னுரையாகச் சேர்த்தால் நூல் நிறைவுபெறும்.

சென்ற தை மாதத்தில், நம்மிடம் வினா எழுப்பிய அதே மாணவர், ஊருக்கு வெளியே விளக்கொளி எட்டாத குளக்கரை ஒன்றுக்கு நம்மை அழைத்துச் சென்றார். வாடைமழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது. வடமேற்கே அவர் காட்டிய இடத்தில் நெடுநேரம் தேடிய பின், மங்கலான சிறு கறையொன்று தெரிந்தது. நேரே நோக்கினால் மறைந்தது. சற்றே விலகி நோக்கினால் தோன்றியது. அஸ்ஸூஃபி கண்டதும் இவ்வளவே. ஐம்பது வயதைக் கடந்த பின் அதனை முதன்முறையாகக் கண்டோம். அதற்கு முன் எத்தனை மேடைகளில் அதனைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று எண்ணியபோது வெட்கமே மிஞ்சியது.

நம் அறிஞர்கள் ஆய்ந்து எழுதிய ஒவ்வொரு தீர்ப்பின் இறுதியிலும் அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று எழுதி முடித்தார்கள். நம் அறிவு இங்கே முடிகிறது என்று எல்லை குறிக்கும் சொல் அது. நாமோ அதனை அலங்காரமாக எழுதிப் பழகிவிட்டோம். அதன் பொருளை உணர்ந்து எழுத ஒரு வானியலாளரின் வாழ்க்கை நமக்கு நினைவூட்டுமாயின், அதனை நன்றியோடு ஏற்பதே முறை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.